பையனுக்கு மனநோயும் இருக்கு குடியும் இருக்கு, எதை முதல்ல பாக்கறது?

பாமணியாத்து அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் இங்க படிக்கிறதோட சரி, இப்ப கேக்காம முடியல. எங்களுக்கு மன்னார்குடி பக்கம் கிராமம். வீட்டுக்காரரு தவறிட்டாரு. பொண்ணை திருச்சியில குடுத்திருக்கு. பையனுக்கு 29 வயசு, டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்சிட்டு சிங்கப்பூர் போனான். அங்க போயி கொஞ்ச நாள்ல தூக்கமே இல்லாம, நான் கம்பெனி ஆரம்பிக்கப் போறேன், அமைச்சரைப் பாக்கப் போறேன்னு ஏதேதோ பேசி, சம்பளத்தையெல்லாம் யாருக்கோ தூக்கிக் குடுத்து, கடைசில ஃபிளைட் ஏத்தி அனுப்பிட்டாங்க. தஞ்சாவூர்ல மனநல டாக்டரைப் பாத்தோம், பைபோலார்னு, மனசு ஒரு நேரம் எக்கச்சக்கமா ஏறும் ஒரு நேரம் எறங்கிப் போயிரும்னு சொல்லி லித்தியம் மாத்திரையும் ராத்திரிக்கு ஒரு மாத்திரையும் குடுத்தாங்க.

மாத்திரை ஒழுங்கா போட்டப்ப எம்புள்ள தங்கம். நாத்தங்கா விடுறதுலேர்ந்து சொசைட்டில உரம் வாங்கறது வரைக்கும் அவந்தான் பாத்தான். அப்புறம் பழைய சேக்காளிங்க, கடை, சாயங்காலமானா கட்டிங்னு ஆரம்பிச்சு இப்ப காலையிலயே கை நடுங்குது, குடிச்சாதான் நிக்குது. குடிச்ச அன்னைக்கு மாத்திரை போடக்கூடாதுன்னு யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க, தினமும் குடிக்கிறதால தினமும் மாத்திரை இல்ல. இப்ப தூக்கம் போச்சு, ராத்திரி ரெண்டு மணிக்கு போர்செட்டுக்குப் போறேன்னு கெளம்புறான், பேச்சு ஓயாது. போன வாரம் காசு இல்லைன்னேன், கையை ஓங்கிட்டான். அடிக்கல, ஆனா ஓங்கிட்டான்.

குறுவை நெல்லு டிபிசியில, அதான் அரசு நெல்லு கொள்முதல் நிலையத்துல, போட்டாச்சு, பணம் என் அக்கவுண்ட்ல ஏறப்போவுது, என் பங்கைக் குடுன்னு நிக்கிறான். ஆளாளுக்கு ஒன்னு சொல்றாங்க. கொழுந்தன் மவன், ஒரு ஹோம் இருக்கு பெரியம்மா, போன் பண்ணா நாலு ஆளு வேன்ல வந்து தூக்கிட்டுப் போயிடுவாங்க, ஆறு மாசம் கழிச்சு சரியாக்கி அனுப்புவாங்கங்கறான். பக்கத்து வூட்டு அக்கா, சாப்பாட்டுல தெரியாம கலந்து குடுக்கற பவுடர் இருக்குன்னு வெளம்பரத்தை வெட்டி எடுத்தாந்து குடுத்துச்சு. நாத்தனார், ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சிரு பொறுப்பு வந்துரும்னு. எம்பொண்ணு, அவனை விட்டுட்டு நீ எங்கூட வந்துரு அம்மான்னு அழுவுது.

ஆஸ்பத்திரிக்கு வாடான்னா நான் என்ன பைத்தியமாங்கறான். குடிய முதல்ல நிறுத்தணுமா, மனசுக்கு முதல்ல பாக்கணுமா? காசு குடுக்கலாமா கூடாதா? வயசு வந்த பையனை வரமாட்டேன்னா எப்படிக் கூட்டிட்டுப் போறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

———

அரசலாறு (பதில்):

அம்மா வணக்கம். நான் ரிட்டயர்டு வாத்தியார், கும்பகோணம் பக்கம். எம்பையனுக்கு ஸ்கிசோஃப்ரீனியாங்கற மனச்சிதைவு நோய், கூடவே கஞ்சா. நீங்க எழுதினதைப் படிச்சுட்டு ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன், எங்க வீட்டைப் பாத்து எழுதின மாதிரியே இருந்துச்சு.

எது முதல்லன்னு கேட்டீங்க, ரெண்டும் ஒன்னாத்தாம்மா. எங்களை ரொம்ப காலம் அலைய வெச்சது இந்த ஒரு விஷயந்தான். ஒரு டாக்டர் போதையை விட்டுட்டு வரச்சொல்லுங்க அப்புறம் பாக்கலாம்பாரு, போதை மறுவாழ்வுக்குப் போனா இவருக்கு மனநோய் இருக்கே நாங்க சேத்துக்க மாட்டோம்பாங்க, நடுவுல நாங்க பஸ் ஸ்டாண்டுல நிப்போம். தூக்கம் இல்லாம மனசு ஏறிப்போயி கிடக்கறவன் குடியை எப்படி விடுவான், தினமும் குடிக்கிறவனுக்கு மாத்திரை எப்படி வேலை செய்யும், ரெண்டும் ஒன்னை ஒன்னு தூக்கிவிடுது. அதனால ரெண்டையும் ஒரே எடத்துல ஒரே டாக்டர் பாக்கற மாதிரி ஏற்பாடு பண்ணுங்க. மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரின்னா மனநலப் பிரிவுலயே குடிநோயும் பாப்பாங்க, உங்களுக்கு திருவாரூரும் தஞ்சாவூரும் ரெண்டுமே கிட்டக்க. எல்லா பேப்பரையும் ஒரே பையில போட்டு வெச்சுக்குங்க, எங்க போனாலும் ரெண்டு நோயையும் சேத்தே சொல்லுங்க, ஒன்னை மறைச்சு ஒன்னைச் சொல்லாதீங்க.

இன்னொன்னு, தினம் மாத்திரை போடறதுல தகராறு இருந்தா சில நோய்க்கு ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை இல்ல மாசத்துக்கு ஒருதடவை போடற ஊசி இருக்கு. எம்பையனுக்கு அதுதான் காப்பாத்துச்சு, மாத்திரை போட்டியா போட்டியான்னு தினமும் நடந்த சண்டையே நின்னு போச்சு. பைபோலாருக்கு சரிப்படுமான்னு உங்க டாக்டர்தான் சொல்லணும், கேட்டுப் பாருங்க.

காசு விஷயம். கையில ரொக்கமா குடுக்காதீங்க. ஆனா சோறு, துணி, முடிவெட்டற காசு, மாத்திரை, ஆஸ்பத்திரி போற பஸ் காசு, இதுல ஒன்னுலயும் கை வெக்காதீங்க, இதெல்லாம் நீங்களே நேரா குடுத்துருங்க. கடை பாக்கியை நீங்க அடைக்காதீங்க. இதை அவன் குடிச்சிருக்கறப்ப சொன்னா சண்டைதான் வரும், காலையில கொஞ்சம் தெளிவா இருக்கற நேரமாப் பாத்து, கோவமில்லாம ஒரே ஒருதடவை சொல்லிட்டு அதுலயே நில்லுங்க. ஒருநாள் இல்லைன்னுட்டு மறுநாள் சத்தம் தாங்காம இருநூறு ரூபா குடுத்தீங்கன்னா, சத்தம் போட்டா கிடைக்கும்னு அவனுக்குப் பதிஞ்சுரும். குடிக்காத நாள்ல கூட உக்காந்து சாப்பிடுங்க, நெல்லு வெலை பேசுங்க, சும்மா இருங்க. குடிச்ச அன்னைக்கு மட்டும் பேசி, குடிக்காத அன்னைக்கு அப்பாடான்னு அவங்கவங்க வேலையைப் பாக்கறது எல்லா வீட்லயும் நடக்குது, அது உதவாது.

கல்யாணம் வேணவே வேணாம்மா. ஒரு பொண்ணோட வாழ்க்கை அது. நோயை மறைச்சு கட்டி வெச்சா அந்தக் கல்யாணத்தையே செல்லாதுன்னு கோர்ட்ல கேக்கலாம், இந்து திருமண சட்டத்துலயே எடமிருக்கு. நல்லா தெளிஞ்சு, அவனாவே ஆசைப்பட்டு, பொண்ணு வீட்ல எல்லாத்தையும் சொல்லி, அப்ப பாத்துக்கலாம்.

உங்க வீட்டுக்காரரு அரசு வேலையில இருந்தாரான்னு தெரியல. இருந்திருந்தா சொல்லுங்க. மனநோயால சம்பாதிக்க முடியாத பையனுக்கு குடும்ப ஓய்வூதியம் ஆயுசுக்கும் வர்றதுக்கு விதி இருக்கு, மருத்துவச் சான்று வேணும், அது பத்தி நான் விவரமா எழுதறேன். இல்லைன்னாலும் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல சொல்லியிருக்கற 21 வகையில மனநோயும் ஒன்னு. 40 சதவீதம் பாதிப்புன்னு மருத்துவக் குழு சான்று குடுத்தா அடையாள அட்டை வாங்கலாம். அவசரமில்ல, உடம்பு சரியானதும் பாருங்க.

———

வெண்ணாறு சிஸ்டர் (பதில்):

அம்மா, நான் டெல்டாவுல ஒரு அரசு ஆஸ்பத்திரியில மனநல வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். சார் சொன்னதெல்லாம் சரி. நான் ஆபத்தான விஷயங்களை மட்டும் முதல்ல சொல்றேன், தயவுசெஞ்சு கவனமா படிங்க.

காலையில கை நடுங்குது குடிச்சா நிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. அப்படின்னா உடம்பு குடிக்குப் பழகிருச்சு, வீட்ல வெச்சு திடீர்னு நிறுத்தாதீங்க. ரூம்ல பூட்டி வெச்சு ரெண்டு நாள் குடுக்கலைன்னா சரியாயிடும்னு நெறைய பேரு செய்யறாங்க, முதல் ரெண்டு நாளுக்குள்ள ஃபிட்ஸ் வரலாம், ரெண்டாவது மூணாவது நாள் குழம்பிப் போயி பூச்சி ஊறுதுன்னு தட்டிக்கிட்டே இருப்பாங்க, இல்லாத ஆளைப் பாத்துப் பேசுவாங்க, ஜுரம் மாதிரி வேர்த்துக் கொட்டும். ஊர்ல அதைக் காத்து கருப்புன்னு மந்திரிக்கக் கூட்டிட்டுப் போயிடறாங்க. அது உயிர் போற விஷயம். ஆஸ்பத்திரியில வெச்சா அதுக்குன்னு மருந்து குடுத்துப் படிப்படியா எறக்குவோம், பி1 வைட்டமின் ஊசி போடுவோம். அந்த வைட்டமின் போடாம வெறும் குளுக்கோஸ் ஏத்தறதும் நல்லதில்ல, அதனால பக்கத்துல எங்கயாவது பாட்டில் ஏத்திக்கிட்டு வந்துரலாம்னு நினைக்காதீங்க.

பவுடர். வேணாம்மா, அந்த வெளம்பரத்தைக் கிழிச்சுப் போடுங்க. அதுல என்ன இருக்குன்னே தெரியாது. குடியை விட டைசல்ஃபிராம்னு ஒரு மாத்திரை நெசமாவே இருக்கு, ஆனா அது போட்டுக்கிட்டு குடிச்சா மூஞ்சி செவந்து, வாந்தி, படபடப்பு, பிரஷர் விழுந்து உயிரே போகலாம். அதனாலதான் நோயாளிக்குத் தெரிஞ்சு, சம்மதிச்சு, டெஸ்ட் எல்லாம் பாத்துட்டுதான் டாக்டர் குடுப்பாங்க. மனநோய் இருக்கறவங்களுக்கு அந்த மாத்திரை ஒத்துக்காமலும் போகலாம். தெரியாம கலந்து குடுத்தா அவன் வழக்கம்போல கடைக்குப் போவான். அப்புறம் உங்க கையால குடுத்த சோத்தையே அவன் நம்ப மாட்டான்.

லித்தியம். இது நம்ம ஊரு வெயிலுக்கும் வயல் வேலைக்கும் ரொம்ப முக்கியம். உடம்புல தண்ணியும் உப்பும் கொறைஞ்சா ரத்தத்துல லித்தியம் அளவு ஏறிரும். நாள் பூரா வெயில்ல நாத்து தூக்கிட்டு தண்ணி குடிக்காம இருந்தா, வயித்துப்போக்கு வந்தா, டாக்டரைக் கேக்காம திடீர்னு உப்பைக் கொறைச்சா, ஒடம்பு வலிக்குதுன்னு கடையில டைக்ளோஃபெனாக், புரூஃபென் மாதிரி வலி மாத்திரை வாங்கிப் போட்டா, எல்லாத்துலயும் ஏறும். குடியும் தண்ணியை வத்த வெக்கும். அளவு மிஞ்சினா கை பெருசா நடுங்கும், வாந்தி வரும், நடை தள்ளாடும், பேச்சு குழறும். பாக்கறவங்க குடிச்சிட்டு வர்றான்னு திண்ணையில படுக்க வெச்சுருவாங்க! குடிக்காத அன்னைக்கும் தள்ளாடினா, இல்ல வாந்தி பேதியோட தள்ளாடினா உடனே ஆஸ்பத்திரி, லித்தியம் சாப்பிடறவர்னு வாசல்லயே சொல்லுங்க. ரத்தத்துல அளவு பாக்கற டெஸ்ட், கிட்னி, தைராய்டு டெஸ்ட் டாக்டர் சொன்ன கெடுவுல எடுத்தே ஆகணும். இத்தனை நாள் விட்டுட்டதால நீங்களா பழைய அளவுல திரும்ப ஆரம்பிக்காதீங்க.

குடிச்ச அன்னைக்கு மாத்திரை போடக்கூடாதுங்கறது எல்லா ஊர்லயும் இருக்கற பேச்சு, அதனாலயே நோய் திரும்பறது நெறைய பாக்கறோம். தூக்க மாத்திரையும் சரக்கும் சேர்றது ஆபத்து, அது உண்மை. ஆனா மத்த மாத்திரைய என்ன பண்றதுன்னு டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, "குடிச்சிட்டு வந்தா அன்னைக்கு எதைக் குடுக்கறது எதை விடறது"ன்னு சீட்டுலயே எழுதி வாங்குங்க. வெக்கப்படாதீங்க, எங்களுக்கு இது புது கேள்வி இல்ல.

இப்ப வேன். நாலு ஆளு வந்து கையைக் காலைக் கட்டித் தூக்கிட்டுப் போறது சட்டப்படி சிகிச்சையே இல்லம்மா. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம்னு ஒன்னு இருக்கு, குடியால வர்ற மனநலப் பாதிப்பும் அதுக்குள்ள வரும். சங்கிலியில கட்டறதை எந்த எடத்துலயும் செய்யக்கூடாதுன்னு அதுல இருக்கு. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில தீப்பிடிச்சப்ப சங்கிலியில கட்டியிருந்த 28 பேரு ஓட முடியாம செத்தாங்க. அதை நான் எங்க வார்டுக்கு வர்ற ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்றேன். எந்த ஹோமா இருந்தாலும் மாநில மனநல ஆணையத்துப் பதிவு இருக்கணும், அந்தச் சான்றை எல்லாருக்கும் தெரியற மாதிரி மாட்டியிருக்கணும். மனநல டாக்டர் யாரு, எப்ப வருவாரு, ராத்திரி ஃபிட்ஸ் வந்தா என்ன பண்ணுவீங்க, நாங்க நெனச்ச நேரம் வந்து பாக்கலாமான்னு கேளுங்க. மூணு மாசம் பாக்க வரக்கூடாதுன்னு சொல்ற எடத்துல பிள்ளையை விடாதீங்க.

வரமாட்டேன்னா என்ன பண்றதுன்னா, அதே சட்டத்துல 89ஆவது பிரிவுல வழி இருக்கு. தனக்கோ அடுத்தவங்களுக்கோ ஆபத்து பண்ற நிலை, பண்ணுவேன்னு மெரட்டற நிலை, இல்ல தன்னைத்தானே பாத்துக்க முடியாத நிலைன்னா, சொந்தக்காரங்க எழுதிக் குடுத்து, ஒரு மனநல டாக்டரும் இன்னொரு டாக்டரோ மனநலப் பணியாளரோ தனித்தனியா பாத்து ஒத்துக்கிட்டா, 30 நாள் வரைக்கும் உள்ள வெச்சுப் பாக்கலாம். அவரு தனக்குன்னு வேற யாரையும் எழுதி வெக்கலைன்னா அம்மாவா நீங்க கையெழுத்து போடலாம். மனநல மறுஆய்வு வாரியத்துக்கு ஆஸ்பத்திரியே தெரிவிப்பாங்க, நீங்க கோர்ட்டு வாசல் ஏற வேண்டியதில்ல. ராத்திரி கைமீறிப் போனா 108க்கு அடிச்சு மனநல நோயாளின்னு சொல்லுங்க. போலீசுக்கும் இந்தச் சட்டத்துல கடமை இருக்கு, ஸ்டேஷனுக்குக் கொண்டு போறதுக்கு இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர்றதுக்கு.

நீங்க பேசணும்னா 14416, டெலி மானஸ், எந்நேரமும் தமிழ்ல பேசலாம், காசு கிடையாது. குடிக்கு மட்டும்னா 14446. பேருகூட சொல்லாம கேக்கலாம்.

ஒன்னு மறந்துட்டேன், எலி பேஸ்ட், பூச்சி மருந்து, களைக்கொல்லி எதுவும் வீட்டுல, போர்செட் கொட்டாயில இருக்க வேணாம். இன்னைக்கே எடுத்து வேற வீட்டுல பூட்டி வெச்சுருங்க. நெல்லு வெவசாயம் பண்ற நம்ம பக்கம் கைக்கெட்டற தூரத்துல இருக்கறதாலயே போன உயிர் நெறைய. சாகலாம் போலருக்குன்னு அவரு சொன்னா குடியில சொல்றான்னு விடாதீங்க, கூடவே இருந்து கூட்டிட்டு வாங்க. தற்கொலைக்கு முயற்சி பண்ணா கேஸாயிடும்னு பயந்து மறைக்கறாங்க, கடும் மன அழுத்தத்துல செஞ்சதாத்தான் எடுத்துக்கணும், தண்டிக்கக் கூடாதுன்னு இதே சட்டத்துல சொல்லியிருக்கு.

———

கல்லணைக் கால்வாய் (பதில்):

அம்மா நான் உங்க பையன் எடத்துலேர்ந்து எழுதறேன். பட்டுக்கோட்டை பக்கம். எனக்கும் பைபோலார்தான், குடியும் இருந்துச்சு. சில வருஷமா குடிக்கல, லித்தியம் சாப்பிடறேன், ஒர்க்‌ஷாப்ல வேலை பாக்கறேன்.

அவரு உங்களை வெறுக்கறதா நினைக்காதீங்க. மேல ஏறிட்டா உள்ள என்ன நடக்கும்னா, எல்லாம் பளிச்சுன்னு புரியற மாதிரி இருக்கும், தூக்கமே வேணாம்னு இருக்கும், யாராச்சும் தடுத்தா எதிரியாத் தெரியும். அது எறங்கறப்ப வர்ற கெட்ட நேரம் இருக்கே, அதுக்குத்தான் நான் குடிச்சேன். கையில நடுக்கம் நிக்கறதுக்கு, மாத்திரை சாப்பிட்டா ஊர்ல மெண்டல்ங்கறானுங்களேங்கற வெக்கத்துக்கு. குடிகாரன்னா பரவால்ல, நாலு பேரு கூட இருப்பானுங்க. மெண்டல்னா ஒருத்தனும் கூட நிக்க மாட்டான். உங்க பையன் மாத்திரையை விட்டுட்டுக் குடியைப் புடிச்சிருக்கறதுல இதுவும் இருக்கும், நெனச்சுப் பாருங்க.

நான் பைத்தியமான்னு கேக்கறாருல்ல, அதுக்குப் பதில் சொல்லாதீங்க. மனசு சரியில்ல டாக்டர்கிட்ட வான்னா நானும் வந்ததில்ல. எங்கம்மா ஒருநாள், ஏன்டா ராத்திரில தூங்கவே மாட்டேங்கறியே ஒடம்பு என்னத்துக்காகும், தூக்கத்துக்கு மட்டும் போய்ப் பாப்போம்னாங்க. அதுக்குச் சரின்னேன், ஏன்னா தூக்கமில்லாம எனக்கே தாங்கல. கை நடுக்கத்துக்குன்னு கூப்பிட்டுப் பாருங்க. அது பொய் இல்ல, அதுக்குந்தான் போறீங்க. அவரு மதிக்கிற ஒரு ஆளு, மாமாவோ படிச்ச எடத்து வாத்தியாரோ, கூட வந்தா இன்னும் நல்லது. குடிக்கிற சேக்காளி வேணாம்.

ராத்திரி தண்ணி கட்ட அவரை அனுப்பாதீங்க. எங்க டாக்டர் எனக்கு அடிச்சுச் சொன்னது தூக்கத்தைத்தான், ரெண்டு ராத்திரி முழிச்சா போதும் திரும்ப ஏறிரும்னாரு. மேட்டூர் தொறந்து தண்ணி முறை வெச்சு விடறப்ப ராத்திரி முறை வந்தா எங்கண்ணன் போயிரும், நான் போமாட்டேன். வீட்ல எல்லாருக்கும் தெரியும், பத்து மணிக்கு நான் படுத்துரணும். தூக்கம் கொறையுதுன்னா எனக்கு முன்னாடியே அம்மா கண்டுபுடிச்சிரும், அன்னைக்கே டாக்டருக்குப் போன் போட்டுரும். இதை நான் நல்லா இருக்கறப்பவே பேசி முடிவு பண்ணி வெச்சிருக்கோம். எனக்கு ஏறிட்டா எந்த ஆஸ்பத்திரி, யாரு கையெழுத்து, ஏடிஎம் கார்டு யாருகிட்ட இருக்கணும்னு எழுதியே குடுத்திருக்கேன். சட்டத்துலயும் அப்படி முன்கூட்டி எழுதிக் குடுக்க எடமிருக்குன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது.

வேலை செஞ்சா கூலியை அன்னன்னைக்குக் கையில வாங்காம பாத்துக்குங்க, அதுவும் அவரு சம்மதத்தோட. சாயங்காலம் கையில காசு, வர்ற வழியில கடை, அந்த நேரத்துல மனசால ஒன்னும் பண்ண முடியாது. நான் மொதலாளிகிட்ட சொல்லி வாரக்கூலியா அம்மா அக்கவுண்டுக்கு மாத்திக்கிட்டேன்.

ஏஏன்னு குடியை விட்டவங்க, விட நெனைக்கறவங்க சேந்து நடத்தற கூட்டம் எனக்கு ரொம்ப ஒதவுச்சு. தஞ்சாவூர், திருச்சி பக்கம் விசாரிங்க, தமிழ்லயே நடக்கும், காசு வாங்க மாட்டாங்க. அங்க ஒருத்தர் மாத்திரையும் போதைதான் விட்டுருன்னாரு, அதை மட்டும் நான் கேக்கல. குடும்பத்துக்குன்னு அல்-அனான்னு தனியா இருக்கு, நீங்க போங்க, அவரு திருந்தறாரோ இல்லையோ நீங்க போங்க. சென்னை போற வசதி இருந்தா டிடிகே ஆஸ்பத்திரி 1980லேர்ந்து குடிநோய் பாக்கறாங்க, குடும்பத்தையும் உக்கார வெச்சுப் பேசுவாங்க. குடவாசல் பக்கம் மஞ்சக்குடியில அவங்க கேம்ப் போட்டு ஊர்லயே வெச்சுப் பாத்திருக்காங்க, எங்க மாமா அப்படித்தான் வெளிய வந்தாரு.

திரும்பக் குடிச்சாருன்னா எல்லாம் போச்சுன்னு உக்காந்துராதீங்கம்மா. எனக்கும் திரும்பியிருக்கு. மறுநாளே ஆஸ்பத்திரி வாசல்ல நின்னா அது அங்கயே நிக்கும். எங்கம்மா அன்னைக்குத் திட்டல, மூஞ்சியைத் தொடச்சுட்டு கெளம்புன்னு சொல்லுச்சு.

———

வெட்டாறு தங்கச்சி (பதில்):

எல்லாரும் நல்லா சொல்லியிருக்கீங்க, ஆனா யாரும் அந்தம்மாவைப் பத்திப் பேசல. சிஸ்டர்கூட ராத்திரி கைமீறினா 108ன்னு ஒரு வரியோட விட்டுட்டீங்க. எனக்கு இந்த எடத்துல கோவம் வருது. நான் இப்படிப்பட்ட ஒரு அண்ணனோட ஒரே வீட்ல வளந்தவ.

அம்மா, அவன் கையை ஓங்கிட்டான். உங்க பொண்ணு அழுவறது தப்பில்ல. அது அண்ணனை வெறுத்து சொல்லல, உங்களை இழந்துருவோம்னு பயந்து சொல்லுது. நோயாளிங்கறதால அடி வாங்கணும்னு ஒன்னும் இல்ல. படுக்கற ரூமுக்கு உள்தாப்பா போடுங்க, போனும் பேங்க் புக்கும் பட்டாவும் நகையும் வேற எடத்துல இருக்கட்டும், அருவா கத்தியெல்லாம் கண்ணுல படற எடத்துல வேணாம், ராத்திரி சத்தம் வந்தா எந்த வீட்டுக்குப் போறதுன்னு பக்கத்துல ஒரு வீட்ல சொல்லி வெச்சுருங்க. அவன் கத்தறப்ப எதுத்துப் பேசி ஜெயிக்க வேண்டியதில்ல, வெளில வந்துருங்க. அடிச்சான்னா 181க்கு அடிங்க, பெண்களுக்கான உதவி எண். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல புருஷன் மேல மட்டும் இல்ல, கூட இருக்கற மகன் மேலயும் அம்மா பாதுகாப்பு கேக்கலாம். பெத்த புள்ள மேல எப்படிம்பாங்க, எங்கம்மாவும் அப்படித்தான் இருந்துச்சு, பல் ஒடஞ்சதை கீழ விழுந்துட்டேன்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு.

நெலம். இது ரொம்ப முக்கியம். உங்க வீட்டுக்காரரு உயில் எழுதாம போயிருந்தா அவரு சொத்துல உங்களுக்கு, பையனுக்கு, பொண்ணுக்கு சமபங்கு, மாமியார் இருந்தாங்கன்னா அவங்களுக்கும் ஒரு பங்கு. அதனால பையனுக்குப் பங்கே இல்லைன்னு சொல்ல முடியாது, அவன் கேக்கறது முழுக்க அநியாயமும் இல்ல. ஆனா இந்த மாதிரி மனசு ஏறியிருக்கற நேரத்துல வந்த வெலைக்கு எழுதிக் குடுத்துருவாங்க, அதுக்குன்னே ஒரு கூட்டம் ஊருக்கு ஊரு இருக்கு. எங்கண்ணன் ரோட்டோரம் மூணு மா வயலை அப்படித்தான் வெத்துப்பேப்பர்ல கையெழுத்து போட்டுக் குடுத்துச்சு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பெண்களுக்கு வருமான வரம்பு பாக்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க, 15100ல கேக்கலாம். உங்க பங்கை மட்டும் பாசத்துல அவன் பேருக்கு எழுதிராதீங்க. நெல்லுக் காசுல அவன் பங்குன்னு ஒரு தொகையைத் தனியா எழுதி வெச்சு, அவன் சிகிச்சைக்குன்னு அவனுக்கும் தெரிஞ்சு போட்டு வெச்சா பேச்சுக்கு ஒரு நியாயம் இருக்கும்.

இன்னொன்னு, நீங்க சாப்பிடறீங்களா? சுகர் பிரஷர் இருக்கா? மாசத்துல நாலு நாளு பொண்ணு வீட்ல போயி தூங்கிட்டு வாங்க. அந்த நாள்ல கொழுந்தன் மவன் வந்து படுத்துக்கட்டும், வேன் புடிக்கத் தெரியுதுல்ல.

———

பாமணியாத்து அம்மா:

எல்லாரும் சொன்னதைப் பொண்ணு போன்ல படிச்சுக் காமிச்சுச்சு. தங்கச்சி, நீ எழுதினதைப் படிக்கறப்ப அது கொரல் ஒடைஞ்சு போச்சு. அவரு அரசு வேலை இல்ல சார், வெவசாயம்தான். பூச்சி மருந்து, எலி மருந்தெல்லாம் நேத்தே எடுத்து கொழுந்தன் வீட்ல வெச்சாச்சு. பவுடர் வேணாம்னு அக்காகிட்ட சொல்லிட்டேன்.

கல்லணைத் தம்பி சொன்ன மாதிரி காலையில காப்பி குடுத்துட்டு, தூக்கத்துக்கும் கை நடுக்கத்துக்கும் மட்டும் போய்ப் பாத்துட்டு வருவோமான்னேன். ரொம்ப நேரம் ஒன்னும் சொல்லல, அப்புறம் பெரிய மாமா வந்தா வரேன்னான். எந்தம்பி வியாழக்கிழமை வேதாரண்யத்துலேர்ந்து வருது. ரெண்டு சந்தேகம். அன்னைக்குக் காலையில அவன் குடிச்சிட்டா என்ன பண்றது? அப்புறம் திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயில்ல ஒரு மண்டலம் தங்க வெச்சா சரியாவும்னு எங்கம்மா காலத்துலேர்ந்து ஒரு நம்பிக்கை, அது பண்ணலாமா?

———

வெண்ணாறு சிஸ்டர் (பதில்):

குடிச்சிருந்தாலும் கூட்டிட்டு வாங்கம்மா, திருப்பி அனுப்பக்கூடாது. கடைசியா எப்ப குடிச்சாரு, எவ்வளவுன்னு மட்டும் எங்ககிட்ட உண்மையைச் சொல்லுங்க, அதை வெச்சுத்தான் நடுக்கத்துக்கு எவ்வளவு மருந்துன்னு டாக்டர் முடிவு பண்ணுவாங்க. முன்னாடி ஃபிட்ஸ் வந்திருக்கா, தலையில அடிபட்டிருக்காங்கறதையும் சொல்லணும். நல்லா தூங்கி விழற அளவுக்கு இருந்தாலோ வாந்தி எடுத்துக்கிட்டே இருந்தாலோ பஸ்ல வேணாம், 108. ஓபி காலையிலதான், சீக்கிரம் வந்துருங்க. பழைய சீட்டு எல்லாம், காலி மாத்திரை அட்டைகூட, ஆதார், ரேஷன் கார்டு எடுத்துக்குங்க. உள்ள சேத்துக்கலாம்னு சொன்னா ஒரு ஆளு கூட தங்கணும், அது நீங்களா இருக்க வேணாம், தம்பியோ மருமகனோ இருக்கட்டும், நீங்க பகல்ல வந்து பாருங்க. டாக்டர்கிட்ட அவரு தனியாப் பேசணும்னா விடுங்க. நீங்களும் அஞ்சு நிமிஷம் தனியாக் கேட்டு, கை ஓங்கினதையும் ராத்திரி வெளிய போறதையும் சொல்லுங்க, அவரு முன்னாடி வெச்சு சொல்ல வேணாம்.

குணசீலம் தாராளமா போங்க. கோயிலை ஒட்டி மனநல மறுவாழ்வு மையமும் இருக்கு, மாத்திரையும் சாமி தீர்த்தமும் ரெண்டும் நடக்கும். நாகூர் தர்காவுலயும் நெறைய குடும்பம் தங்கிப் பாக்கறாங்க. எங்க தங்கினாலும் மாத்திரையை நிறுத்தச் சொன்னா ஒத்துக்காதீங்க. ஆனா அது அடுத்தது, இப்ப இந்த கை நடுக்கம் அடங்கி ஆஸ்பத்திரியிலேர்ந்து வீட்டுக்கு வந்தப்பறம்.

———

அரசலாறு (பதில்):

ஓபியில வரிசை நீளமா இருக்கும்மா, அவனால ரொம்ப நேரம் உக்கார முடியாம எழுந்து போயிடுவான், எம்பையன் அப்படிப் போயிருக்கான். தம்பி போயி சீட்டு போட்டு எடம் புடிக்கட்டும், நீங்க அவனோட வெளியில மரத்தடியில இருந்துட்டு கூப்பிடறப்ப உள்ள போங்க. சாப்பாடு கட்டி எடுத்துக்குங்க, தண்ணி பாட்டில் பெருசா. வியாழக்கிழமை சாயங்காலம் என்னாச்சுன்னு இங்க ஒரு வரி போடுங்க.